மண்ணுக்குள் ஓடும் ஊர்



1880ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து மாத்தளை வரை புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அப்பாதையில் அமைந்த மலையூர் வத்தேகம. அங்கே தண்டவாளம் எவ்விடத்தில் வளைகின்றது என்பதை எவரும் கண்ணாற் காணலாம். தெருவின் அடியிற் செல்லும் தண்ணீர்க் குழாய் எங்கே வளைகின்றது என்று கேட்டால், விடை கூறுதல் எளிதன்று. பல ஊர்களில், மண்வெட்டி தவறான இடத்தில் விழுந்த பின்னரே அவ்விடை தெரியவருகின்றது.

நிலத்தடியில் நீரைச் செலுத்தும் கலை இந்நாட்டிற்குப் புதியதன்று. வத்தேகமவுக்கு வடக்கே, மாத்தளை மாவட்டத்திலுள்ள சிகிரியாவை ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் காசியப்ப மன்னன் தலைநகராக்கினான். அங்குள்ள நீர்ப்பூங்காவின் ஊற்றுக்கள், உயரத்தில் தேங்கிய நீரின் அழுத்தத்தால், மண்ணுக்குள் மறைந்த கால்வாய்கள் வழியே இயங்கின. மழைக்காலத்தில் அவை இன்றும் நீர் கொப்பளிப்பதுண்டு. ஆயினும் காடு மூடிய அவற்றின் அமைப்பைத் தொல்பொருளாளர் மண்ணை அகழ்ந்தே அறிய வேண்டியதாயிற்று. அமைத்தவர் அறிவு அவரோடு மறைந்தால் நேர்வது இதுவே.

நகர வாழ்விலோ இம்மறதி உயிரையே விலையாகக் கேட்கும். 1854இல் இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தோரின் வீடுகளை வரைபடத்திற் குறித்தார். புள்ளிகள் ஒரு தெருக்கிணற்றைச் சூழ்ந்து நின்றன. அக்கிணற்றின் மிக அருகே கழிவுக்குழி ஒன்று கசிந்தமை பின்னர் வெளிப்பட்டது. குழாய் நீரிலும் இவ்வபாயம் உண்டு. நீர் நிறுத்தப்படும் வேளையில் அழுத்தம் குறையுமாயின், வெடிப்பின் வழியே அயலிலுள்ள அழுக்கு உள்ளே இழுக்கப்படும்.

ஆகவேதான் குழாய் தேடும் தொழிலுக்கு இத்துணை மதிப்பு. ஊர் அடங்கிய இரவில், குழாயின் அடைப்பான்மீது கோலொன்றை ஊன்றி, மறுமுனையிற் காதை வைத்துக் கசிவின் ஒலியைக் கேட்பது பழைய முறை. இரும்புக் குழாயைத் தேடும் கருவியோ நம் வானொலிக்கு உறவினன் எனலாம். ஒரு பெட்டி மின்னலையை அனுப்ப, குழாயில் மின்னோட்டம் எழுகின்றது. அதன் காந்தப்புலத்தை மற்றொரு பெட்டி நிலத்தின்மேல் நின்று உணர்கின்றது. 1831இல் பரடே கண்ட மின்தூண்டலே இதற்கு அடிப்படை. களிமண் குழாய்க்கும் பிளாஸ்டிக் குழாய்க்கும் இது பயன்படாது. நிலத்தை ஊடுருவும் ராடார் அவற்றைக் காட்டக்கூடும். எனினும் ஈரக் களிமண் அவ்வலையை விழுங்கிவிடும்.

கருவி கைவிடும் இடத்தில் மனித நினைவே துணை. மலையகத் தோட்டங்களில், பீலிக்கு நீர் எந்த ஊற்றிலிருந்து, எந்தப் பாறையைச் சுற்றி வருகின்றது என்பதை அறிந்தவர் முதிய தொழிலாளரே. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975இல் தோன்றியது. அதற்கு முன்னரே மண்ணிற் புதைந்த குழாய்கள் பல. அவற்றை இட்ட கைகளோ ஓய்ந்துவருகின்றன.

நேயர்களே, அம்முதியோர் நடந்து காட்டும் வழியை இன்றே அளந்து, ஆழத்தையும் திருப்பத்தையும் தாளிற் பதிதல் வேண்டும். நம் பேரர் பருகும் நீரின் தூய்மை அந்தத் தாளிலும் தங்கியுள்ளது.