உரலில் இடித்த முளைநெல்

குரோம்பேட்டையில் ஏதேனும் ஒரு மாவு மில்லின் வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். கோதுமைப் பைகளுக்கும் மிளகாய் வாளிகளுக்கும் நடுவே ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவைக் காணலாம். அதில் இருப்பது முளைகட்டி, உலர்த்தி, இலேசாக வறுத்த கேழ்வரகு. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அந்த டப்பாவைக் கொண்டு வந்த தாய்க்குத் தெரிந்த உத்தியும், சங்க காலத்தில் இதே தொண்டை நாட்டில் வீட்டில் கள் சமைத்தவர்களுக்குத் தெரிந்த உத்தியும் ஒன்றேதான் என்றால் நம்புவீர்களா? வாருங்கள், அந்தக் கதையைப் பார்ப்போம்.

கல் சொல்லும் கதை

குரோம்பேட்டைக்கு அடுத்துள்ள பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அதிலிருந்துதான் தொடங்கிற்று. அந்தக் கல் வெட்டவும் பிளக்கவும் பயன்பட்டது. தானியத்தை நசுக்கும் கல் மனிதன் கைக்கு வந்தது அதற்கு மிகவும் பிற்பட்ட காலத்தில்தான். இஸ்ரேல் நாட்டின் ராக்கெஃபெட் குகையில் ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லுரல்கள் கிடைத்துள்ளன. அவற்றில் ஒட்டியிருந்த மாவுத் துகள்களை ஆராய்ந்தவர்கள், முளைத்த தானியத்தை அவற்றில் இடித்து பீர் போன்ற பானம் செய்திருக்கிறார்கள் என்று 2018-இல் தெரிவித்தனர். அப்போது மனிதன் உழவுத் தொழிலை முறையாகத் தொடங்கியிருக்கவில்லை!

தொண்டை நாட்டு நெற்கள்

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. வீட்டில் சமைத்த நெற்கள்ளை அந்நூல் ‘தோப்பி’ என்கிறது. வலைஞர் குடியிருப்பில் கள் ஆக்கும் முறையையும் படிப்படியாகக் கூறுகிறது. அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்குவார்கள். அதை அகன்ற தட்டில் இட்டு ஆற வைப்பார்கள். பிறகு முளைநெல்லை அதில் கலப்பார்கள். சாடியில் இட்டு இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின் பிழிந்து எடுப்பார்கள். முளையை இடித்துச் சேர்ப்பது வழக்கம் என்று உரை விளக்குகிறது.

இதில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. கூழை ஏன் ஆற வைக்க வேண்டும்? முளையை ஏன் இடிக்க வேண்டும்?

முளைக்கும் விதைக்கு உணவு தேவை. விதையில் உள்ளதோ கரையாத மாவுப்பொருள். அதைச் சர்க்கரையாக மாற்றுவதற்கு விதையே ஒரு பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. பிரான்சு நாட்டு வேதியியலார் பாயேனும் பெர்சோவும் 1833-இல் முளைத்த வாற்கோதுமையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து ‘டயஸ்டேஸ்’ என்று பெயரிட்டனர். பிரித்தெடுக்கப்பட்ட முதல் நொதி இதுவேயாகும். இது சுமார் 60 முதல் 70 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் விரைந்து வேலை செய்யும். கொதிக்கும் கூழில் அழிந்துவிடும். ஆற வைத்ததன் காரணம் புரிகிறதல்லவா?

அரைத்தலின் கணக்கு

இனி இரண்டாவது கேள்வி. முழுத் தானியத்திற்குள் நீர் மெதுவாகத்தான் நுழையும். உடைத்தால் பரப்பு பெருகும். 2 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பரப்பு 24 சதுர மில்லிமீட்டர். அதை 0.2 மில்லிமீட்டர் பக்கமுள்ள 1,000 துண்டுகளாக்கினால் மொத்தப் பரப்பு 240. அதாவது பத்து மடங்கு. துண்டுகளை மேலும் பாதியாக்கி 0.1 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் பரப்பு 480 ஆகும்.

பொடியாக்கச் செலவாகும் ஆற்றல், புதிதாக உண்டாகும் பரப்பைப் பொறுத்தது என்று ரிட்டிங்கர் 1867-இல் ஒரு விதி கூறினார். அவ்விதிப்படி பாருங்கள். முழுத் தானியத்தை ரவையாக்கியபோது உண்டான புதுப்பரப்பு 216. ரவையை மாவாக்கியபோது உண்டானது 240. கடைசியாகச் செய்த அந்த ஒரு சிறு படிக்கே அதிக உழைப்பு! குருணை உடைக்கச் சலிக்காத பாட்டியின் தோள், நைசான மாவுக்குத் திரிகை சுற்றும்போது ஏன் வலித்தது என்பதற்கு இதுவே விடை.

பீர் வடிப்போர் இந்தக் கடைசிப் படிக்குப் போவதில்லை. வாற்கோதுமை முளையை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு, உள்ளே இருக்கும் மாவுப் பகுதியை மட்டும் நொறுக்குவார்கள். உமி கிழியாமல் இருந்தால் அதுவே வடிகட்டியாகப் பயன்படும். மாவாக அரைத்துவிட்டால் கூழ் பசைபோல் அடைத்துக்கொள்ளும். முளைத்த தானியம் எளிதில் நொறுங்கும் என்பது இன்னொரு வசதி. வலைஞர் வீட்டில் அதற்கு உரலும் உலக்கையும் போதும்.

அரைப்பது அறிவியலுக்கும் உதவியிருக்கிறது. 1897-இல் எடுவார்டு புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துச் சாறு பிழிந்தார். உயிருள்ள ஈஸ்ட் இல்லாமலே அந்தச் சாறு சர்க்கரையை நொதிக்கச் செய்தது. இதற்காக அவருக்கு 1907-இல் நோபல் பரிசு கிடைத்தது.

குழந்தையின் கிண்ணம்

தமிழ்நாட்டில் உரிமமின்றி மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆகவே தோப்பி நமக்கு வரலாறு மட்டுமே. ஆனால் அதன் முதற்பாதி இன்னும் நம் அடுப்பில் உயிரோடு இருக்கிறது.

குழந்தையின் வயிறு சிறியது. சாதாரண மாவைக் கூடுதலாகப் போட்டால் கஞ்சி கட்டியாகிவிடும், விழுங்க முடியாது. நீரைச் சேர்த்தால் வயிறு நிறையும், உடல் தேறாது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் 1982-இல் முளைகட்டிய கேழ்வரகும் பச்சைப்பயறும் சேர்ந்த ஓர் இணையுணவை உருவாக்கினர். நொதி மாவுப்பொருளின் நீண்ட சங்கிலிகளைத் துண்டிப்பதால், அதிக மாவு சேர்த்தாலும் கஞ்சி இளக்கமாகவே இருக்கும். அதே கிண்ணத்தில் கூடுதல் உணவு!

ஆனால் ஓர் எச்சரிக்கை. மணம் வேண்டும் என்று முளைத்த தானியத்தைக் கருக வறுத்தால் நொதி அழிந்துவிடும். பிறகு அது வெறும் மாவுதான். பூஞ்சை பிடித்த முளையைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். கட்டியான அரிசிக் கஞ்சியை இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். கொதி அடங்கிச் சூடு சற்றுத் தணிந்ததும் ஒன்றில் ஒரு தேக்கரண்டி முளைக் கேழ்வரகு மாவையும், மற்றதில் அதே அளவு சாதாரணக் கேழ்வரகு மாவையும் போட்டுக் கலக்குங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் கரண்டியால் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். முதல் கிண்ணத்துக் கஞ்சி நீர்த்து ஓடும். குழந்தைக்குக் கொடுப்பதானால் அதை மீண்டும் ஒருமுறை கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுக்க வேண்டும். தட்டில் கூழை ஆற வைத்துக் காத்திருந்த வலைஞர் குடியினர் கண்ட மாற்றமும் இதுதான்.