ஏடு தொடக்காத கைகள்: வன்னிப் பெண்களும் எழுத்தும்

இலங்கையின் எழுத்தறிவு வீதம் 90 சதவீதத்தைத் தாண்டியது என்பது நாம் பெருமையாகச் சொல்லிவரும் கணக்கு. வடக்கின் வன்னிப் பகுதியில் அந்தக் கணக்கு ஒரு தீங்கும் செய்தது. எழுத்தறியாதோர் ஏதோ சிலர்தானே என்று அவர்கள் விடுபட்டுப் போனார்கள். தமிழ்நாட்டுப் புதுக்கோட்டையில் 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் எழுந்தபோது, கல்குவாரிப் பெண்கள் சிலேட்டோடு சைக்கிளும் பழகினார்கள். வன்னியில் அந்த அளவுக்கு ஓர் இயக்கம் எழவில்லை. இங்கே பெண்கள் எழுத்தை வேறு வாசல்களால் அடைந்தார்கள். கோயில், கடிதம், மனு என்ற அந்த மூன்று வாசல்களின் வழியே அவர்களின் மனம் எப்படி விரிந்தது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

முதல் வாசலான கோயிலில் எழுத்து காதால் வந்தது. புராணபடனத்தில் ஒருவர் வாசிக்க இன்னொருவர் பயன் சொல்வார். முல்லைமோடி என்ற கூத்துப் பாணியில் ஆடப்படும் கோவலன் கூத்தும், வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலும், அரசனிடம் நீதி கேட்ட ஒரு பெண்ணின் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் காதில் போட்டுவந்தன. கார்த்திகைப் பூரணைக்குப் பின் தொடங்கும் 21 நாள் விநாயகர் விரதத்தில், சுன்னாகம் வரத பண்டிதரின் பிள்ளையார் கதை படிக்கப்படும். விரதகாரப் பெண்களில் பலருக்கு அது வரிவரியாகப் பாடம், எழுத்துத்தான் தெரியாது. இவர்களைப் பாமரர் என்று எழுதிவைத்த ஆய்வுகள் மேல் எனக்கு மரியாதை குறைவு. மனப்பாடமான அடியின்மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினால், தெரிந்த ஓசை தெரியாத எழுத்தை அடையாளம் காட்டிவிடும். பிரேசிலில் பாவுலோ ஃப்ரெய்ரி ‘செங்கல்’ போன்ற அன்றாடச் சொற்களிலிருந்து முதியோர் கல்வியைத் தொடங்கியதும் இந்தத் தர்க்கத்தில்தான். வன்னிக்காரிக்கு அந்தச் சொல் ‘பிள்ளையார்’ ஆகவும் இருக்கலாம், ‘குளம்’ ஆகவும் இருக்கலாம்.

குடியேற்றங்கள் நிலைமையை மாற்றின. இரணைமடுக் குளத்தை நம்பி வந்தவர்களுக்கும், 1950களுக்குப் பின் வவுனிக்குளம், முத்தையன்கட்டுப் பக்கம் காடு வெட்டியவர்களுக்கும் முதலில் கிடைத்தது காணி. பள்ளிக்கூடம் பிறகுதான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்ற மூத்த பெண்பிள்ளைகள் அரிவரியோடு நின்றுபோனார்கள். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்த பெண்களின் நிலை இன்னும் கடினம். தோட்டத்துப் பள்ளியில் அவர்களுக்குக் கிடைத்ததே கொஞ்சம். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948இன் சட்டத்தால் அவர்களின் குடும்பங்கள் கடதாசி என்றாலே அஞ்சப் பழகியிருந்தன. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் என்ற அமைப்பு, வவுனியாவைத் தளமாகக் கொண்டு இவர்களிடையே வேலை செய்தது; கிராமத்து இளம்பெண்களைப் பயிற்றி முன்பள்ளிகளைத் திறந்தது. விஜயதசமியில் பச்சையரிசியில் ‘அ’ எழுதி ஏடு தொடக்காத தாய்மார், பிள்ளையைக் கூட்டிவந்த சாட்டில் முன்பள்ளி வாசலில் இருந்து எழுத்தைப் பார்த்தார்கள் என்றே கருதுகிறேன். 1983 ஏப்ரலில் டேவிட்டும் இராஜசுந்தரமும் கைதானார்கள். அந்த யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார்.

போர்க்காலத்தில் எழுத்து கடிதமாக வந்தது. வெளிநாட்டிலிருந்து மகன் எழுதினான், சிறையிலிருந்து கணவன் எழுதினான், செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவந்து கொடுத்தது. வாசிக்கத் தெரியாத பெண் அதை அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் நீட்டவேண்டும். பிள்ளை எழுத்துக்கூட்டி உரத்து வாசிக்க, வேலியோரம் நிற்பவர்களுக்கும் கேட்கும். எந்த இடத்தில் அழுவது, எந்த இடத்தில் முகத்தை இறுக்கிக்கொள்வது என்பதுகூட அவள் கையில் இல்லை. கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துவிட்டு, இரவு குப்பிவிளக்கடியில் தானே ஒருமுறை வாசிக்க முடிந்தவளுக்குக் கிடைத்தது தன் துயரத்தோடு தனியே இருக்கும் உரிமை. முதியோர் கல்வியின் உணர்வு வளர்ச்சி பற்றிப் பேசுவோர் தன்னம்பிக்கை என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். இந்தத் தனிமையை அவர்கள் கணக்கில் எடுப்பது அரிது.

போர் முடிந்த 2009க்குப் பின் மனு என்ற மூன்றாவது வாசல் திறந்தது, விரும்பித் திறந்ததல்ல. இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலேயே பதிவுகள் தொடங்கிவிட்டன. 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்தது, 2014இல் காணாமற்போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழு வந்தது. ஒவ்வொன்றுக்கும் விதானையாரின் கடிதம், சத்தியக் கடதாசி, படிவம், நிழற்படம். கைநாட்டு வைக்கும் பெண்ணின் பெருவிரலை அலுவலரே பிடித்து மையில் உருட்டி, தாளில் அழுத்தி, விட்டுவிடுவார். அவள் அங்கே ஒரு விரல் மட்டும்தான். மகனின் பெயரைத் தன் கையால் எழுதப் பழகிய தாய்மார் இதனால்தான் பழகினார்கள். அவர்கள் பொலித்தீன் பைக்குள் காக்கும் பிரதிக் கட்டு கண்ணகியின் மற்றைச் சிலம்புக்கு நிகரான சாட்சி. ஆனால் பதில் பல தடவை சிங்களத்தில் வந்தது. பாடுபட்டுப் பழகிய எழுத்து அங்கே பயன்படவில்லை. மறுபடி யாரையாவது தேடிப் போகவேண்டியிருந்தது.

எழுத்து எப்போதும் விடுதலை தரும் என்று நான் சொல்லமாட்டேன். நுண்கடன் ஒப்பந்தங்களின் அடியிலும் பெண்கள் கையெழுத்து வைத்தார்கள். வட்டிக் கணக்கு அவர்கள் படித்த அரிவரிக்குள் இல்லை. வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய் வரையான இக்கடன்களை அரசே 2018இல் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். கோயில் வாசல், நேர்த்தி வைக்கும் இடம், கற்பூரம் கொளுத்தும் இடம். அங்கேதான் கையில் பதாகை ஏந்தி இருந்தார்கள். முன்னர் கதை கேட்கப்போன வாசலில் இப்போது அவர்கள் எழுதியதை ஊர் வாசித்தது. நாட்களை எண்ணி எண்ணி, 2022 ஓகஸ்ட் 12ஆம் திகதி 2000ஆவது நாள் என்று எழுதினார்கள். மறுநாளுக்கு 2001.