கல்யாண கேசட்டில் கடற்கரை: திருவொற்றியூர் வட்டாரத்தின் காணொளிச் சான்றுகள்

திருவொற்றியூர்க் கடற்கரையின் கடந்த நாற்பது ஆண்டு வரலாற்றுக்கு, அங்குள்ள குப்பத்து வீடுகளின் பரணில் கிடக்கும் வி.எச்.எஸ். கேசட்டுகளை முதன்மைச் சான்றாகக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அரசுக் கேமராக்களும் இந்த வட்டாரத்துக்கு வந்திருக்கின்றன. 1948இல் தோன்றிய பிலிம்ஸ் டிவிஷன், 1975இல் ஒளிபரப்பைத் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி இரண்டின் கண்ணும் திறப்பு விழாக்கள் மீதும் விருந்தினர்கள் மீதுமே பெரிதும் இருந்தது. 1964இல் புனேயில் அமைந்த தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் முதல் அக்கறை திரைப்படம். கடலரிப்புக்குத் திறப்பு விழா கிடையாது. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. மெரினா அகன்றது, ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது. பல ஆண்டுகளாக மெல்ல நடந்த இந்த இழப்பைப் படம் பிடிக்க எந்த நிறுவனமும் ஆள் அனுப்பிக் காத்திருக்கவில்லை.

கல்யாண வீட்டுக்கு வந்த வீடியோக்காரர் அதைப் பிடித்தார். பெண்ணழைப்பு ஊர்வலத்துக்குப் பின்னால் மணல் எவ்வளவு தூரம் கிடக்கிறது, வலை எங்கே காய்கிறது, கட்டுமரமா ஃபைபர் படகா, அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியாகிவிட்டதா என்பதெல்லாம் அவர் கேட்காமலே சட்டகத்துக்குள் வந்து விழுந்தன. ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறைக் கல்யாணங்களை அடுத்தடுத்து ஓடவிட்டால், வீட்டு வாசலுக்கும் அலைக்கும் இடையிலான தூரத்தைக் கண்ணாலேயே ஒப்பிடலாம்.

இவற்றை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. திரையின் மூலையில் ஒளிரும் தேதி பல கேமராக்களில் சரியாக வைக்கப்பட்டிருக்காது. அதற்குக் கல்யாணப் பத்திரிகை இருக்கிறது, ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். கடலோசையின் மேல் சினிமாப் பாட்டை ஏற்றியிருப்பார்கள். அந்த இழப்பை மீட்க வழியில்லை. ஆனாலும், சாட்சி சொல்லும் எண்ணமின்றி விட்டுச்சென்ற தடயங்களுக்கு வரலாற்றில் தனி மதிப்பு உண்டென்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் ப்ளாக் வாதிட்டார். மாலை மாற்றுவதைப் படம் பிடித்தவருக்குக் கரையைப் பற்றிப் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

கைபேசி வந்தபின் நிலைமை மாறியது. 2017 ஜனவரி 28 அன்று இரு கப்பல்கள் மோதிய பின், எர்ணாவூர்க் கரையில் எண்ணெய்ப் படலத்தை வாளியில் அள்ளிய காட்சிகளும், 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்தபோது எடுத்த காட்சிகளும் கைபேசிகளில் பரவின. இங்கே மக்கள் சாட்சியாக நின்றே எடுத்தார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் சுருங்குகிறது. எடுத்த நேரம், இடம் பற்றிய உட்குறிப்புகளும் பெரும்பாலும் கழன்றுவிடுகின்றன. பாரதிய சாட்சிய அதினியம் 2023இன் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில், கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். ஆகவே மூலக் கோப்பைக் காப்பது ஆய்வாளரின் தேவை மட்டுமல்ல, இழப்பீடு கேட்டு நிற்கும் மீனவரின் தேவையும்கூட.

சிதறிக் கிடப்பதைத் திரட்டுவது நமக்குப் புதிதன்று. உலகெங்கும் அலைந்து ஏறத்தாழ 50,000 அடி படச்சுருள் சேர்த்து, 1940இல் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார் ஏ.கே. செட்டியார். பின்னாளில் அந்தப் படத்தையே தேடி அலைய நேர்ந்தது. சேர்த்தால் போதாது, காக்க இடமும் வேண்டும். சிகாகோவின் தென்பகுதியில் ஜாக்குலின் ஸ்டூவர்ட் 2005இல் தொடங்கிய வீட்டுப்படத் திட்டம், குடும்பங்களின் படச்சுருள்களை எண்மமாக்கிக் காத்துவருகிறது. அதுபோல இங்கும் கேசட் குடும்பத்தின் சொத்தாகவே இருக்கட்டும். நகல் மட்டும் காப்பகத்துக்கு வரட்டும். யார் பார்க்கலாம் என்பதை அந்த வீட்டுப் பெண்களும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

காலம் குறைவு. வி.எச்.எஸ். கருவி தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016இல் நிறுத்திவிட்டது. 2025 வாக்கில் காந்த நாடாக்களை ஓட்டிப் பார்ப்பதே முடியாமல் போகலாம் என்று 2019இலேயே யுனெஸ்கோ எச்சரித்தது. உப்புக்காற்றும் ஈரமும் உள்ள கரையில் பூஞ்சை இன்னும் சீக்கிரம் பிடிக்கும். வடசென்னைக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்களோடு சேர்ந்து இந்த ஆண்டே இப்பணியைத் தொடங்க வேண்டும். அதுவரை குப்பத்து வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்: போகிக்குப் பரணைக் காலி செய்யும்போது கேசட்டுகளைக் குப்பையில் போடாதீர்கள், கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்துக் கட்டி, ஈரம் படாத இடத்தில் எடுத்து வையுங்கள்.