நேற்று வார்த்த பழம்பொருள்

இத்தாலியப் பட்டறை ஒன்றில் சென்ற மாதம் கடைந்தெடுக்கப்பட்ட ரிவால்வர், அமெரிக்க ஒன்றியச் சட்டத்தின் பார்வையில் ‘பழம்பொருள்’ ஆகிவிடலாம். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898இலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட சுடுகலன்களைப் பழம்பொருள் என்று தனியே பிரித்தது. அத்தோடு நில்லாமல், இக்கால உலோகத் தோட்டாவை ஏற்காத வகையில் அமைந்த அவற்றின் நகல்களையும் அதே பிரிவில் சேர்த்தது. மாநிலங்கள் சில கடுமையான விதிகளை வைத்துள்ளன. ஆயினும் ஒன்றியச் சட்ட அளவில் அந்த நகலை அஞ்சலிலேயே வாங்கிவிடலாம். ஒரு பொருளின் தொன்மை அது பிறந்த ஆண்டைக் கொண்டு அளக்கப்படாமல், அதில் மருந்து இடப்படும் முறையைக் கொண்டு அளக்கப்படும் விசித்திரம் இது.

இந்த நகல்களின் வரலாறு அவை போலிசெய்யும் வரலாற்றைவிட ஒரு நூற்றாண்டு இளையது. சாமுவேல் கோல்ட் 1836இல் தம் சுழல்துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவருடைய ‘நேவி’ ரகம் 1851 முதல் 1873 வரை இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உருவானது. உலோகத் தோட்டா பரவியதும் அது வழக்கொழிந்தது. 1950இல் உள்நாட்டுப் போர்க்காலத் துப்பாக்கிகளைச் சுட்டுப் போட்டியிடுவோரின் சங்கமான ‘நார்த்-சவுத் ஸ்கிர்மிஷ் அசோசியேஷன்’ தோன்றியது. 1961இல் அப்போரின் நூற்றாண்டு நெருங்கியது. அசல்களோ தேய்ந்துகொண்டிருந்தன, விலையும் ஏறியது. வால் ஃபோர்கெட் என்ற அமெரிக்க வணிகர், பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன கார்தோனே வால் திரோம்பியா என்ற இத்தாலிய ஊரை நாடினார். ஆல்டோ உபெர்த்தி, விட்டோரியோ கிரெகோரெல்லி ஆகியோரின் கைவினையில் 1950களின் இறுதியில் ‘நேவி’ மறுபிறப்பெடுத்தது.

அதைச் சுடும் முறையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். வரலாற்று மாணவருக்குப் பயனுள்ளது இப்பகுதிதான். உருளையில் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் அளந்த கருமருந்து, ஏறத்தாழ 20 கிரெயின், அதாவது 1.3 கிராம். அதன்மேல் அறையின் வாயைவிடச் சற்றே பெரிய ஈயக்குண்டு. குழலின் கீழுள்ள நெம்புகோலை அழுத்தக் குண்டு உள்ளே இறங்கும். இறங்கும்போது அதன் விளிம்பிலிருந்து மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவப்பட்டு வெளியே விழும். அவ்வளையம் முழுதாக வந்தால் குண்டு அறையை இறுக அடைத்துவிட்டது என்று பொருள். இறுக்கம் குறைந்தால், ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குத் தாவிப் பல குண்டுகள் ஒருசேர வெடிக்கும் ஆபத்து உண்டு. அதைத் தவிர்க்கவும், படியும் கரியை இளக்கவும் குண்டின்மேல் மசகு பூசுவர். கடைசியாக, பின்புற முலைகளில் கேப் எனப்படும் சிறு செப்புத் தொப்பிகளைப் பொருத்த வேண்டும். தீபாவளிக்குச் சிறுவர் சுடும் பொட்டுவெடியின் தத்துவமே இங்கும்: அடிபட்டால் தீப்பிடிக்கும்.

கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்குமேல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. அதில் ஒரு பங்கு வெண்புகையாகச் சுடுபவரின் கண்ணை மறைக்கும். மீதி உருளையின் அச்சில் படிந்து சுழற்சியை இறுக்கும். வெடித்த கேப்பின் துணுக்கு விசைக்குள் விழுந்தாலும் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். ஆகவே பழகியவர்கள் சுத்தியலை இழுக்கும்போது குழலை மேல்நோக்கிச் சாய்ப்பார்கள். படிவு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்பதால் அன்றைக்கே சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவியாக வேண்டும்.

ஆவணங்களில் ஒரு வரியாக நிற்கும் செய்தி இந்த அனுபவத்தால் தெளிவாகிறது. மிசூரியின் கெரில்லாக் குதிரைவீரர்கள் இடுப்பிலும் சேணத்திலுமாகப் பல ரிவால்வர்களைச் சுமந்தது வெறும் பகட்டன்று. பாயும் குதிரைமேல் ஆறு அறைகளை மீண்டும் நிரப்புவது ஏறக்குறைய நடவாத காரியம். அடுத்த ஆறு குண்டுகளுக்கு அடுத்த துப்பாக்கியே வழி. இதை ஏட்டில் படித்து ஒப்புக்கொள்வது வேறு. நிதானமாக நின்று நிரப்பியும் சில நிமிடங்கள் கரைவதைக் கண்டு அறிவது வேறு. இந்த அளவில் நகல் ஒரு நேர்மையான சாட்சி.

ஆனால் சாட்சி எல்லா இடத்திலும் நேர்மையாக இல்லை. 1851 ‘நேவி’யின் குழல்விட்டம் 0.36 அங்குலம், கோல்ட் அதை 0.44 அங்குலத்தில் விற்றதே இல்லை. இன்றைய கடைகளிலோ 0.44 அங்குல ‘நேவி’ தாராளமாகக் கிடைக்கிறது. அசலே இல்லாத நகல்! அதிலும் மலிவானது பித்தளைச் சட்டம் கொண்டது. அதன் பொன்னிறம் தென்மாநிலக் கூட்டமைப்பை நினைவூட்டுவதற்காகவே விரும்பப்படுகிறது.

அந்நிறத்துக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் கிரிஸ்வோல்ட்வில்லில், பருத்தி அரைவை இயந்திரங்கள் செய்துவந்த ஆலை 1862இல் ரிவால்வர் ஆலையாக மாறியது. இரும்புத் தட்டுப்பாட்டால் செம்புக் கலவையில் சட்டம் வார்க்கப்பட்டது. ஏறத்தாழ 3,700 துப்பாக்கிகள் அங்கே உருவாயின. செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினத்தவர். தம்மை அடிமையாகவே வைத்திருக்கும் போருக்குத் தம் கையாலேயே ஆயுதம் வார்க்கும்படி அவர்கள் நிர்ப்பந்திக்கப்பட்டனர். 1864 நவம்பரில் வடவர் குதிரைப்படை அவ்வாலையை எரித்தது. இன்றைய நகல் அந்தத் துப்பாக்கியின் நிறத்தைக் கொணர்கிறது. சுட்டவனின் உடலசைவையும் கொணர்கிறது. வார்த்தவரின் கை மட்டும் அதில் எங்கும் பதியவில்லை.

மருந்தின் கதையும் அத்தகையதே. கருமருந்தில் 75 பங்கு வெடியுப்பு. எஞ்சியது கரியும் கந்தகமும். தமிழில் பொட்டிலுப்பு என்றும் வழங்கிய அவ்வுப்பின் உலகச் சந்தையை அன்று ஆண்டது பீகார். நோனியா சமூகத்தார் குடியிருப்புகளையும் மாட்டுத் தொழுவங்களையும் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்து, காய்ச்சிப் படிகமாக்கினர். பிளாசிப் போரை அடுத்து அவ்வணிகத்தின் தனியுரிமை கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1861 இறுதியில் லாமோ டூ பாண்ட், லிங்கன் அரசுக்காக இலண்டனில் கிடைத்த வெடியுப்பை இரகசியமாக வாங்கிக் குவித்தார். அதே வேளையில், பிரிட்டிஷ் கப்பலான ‘டிரெண்ட்’டை மறித்துத் தென்மாநிலத் தூதர் இருவரை வடவர் கடற்படை சிறைபிடித்திருந்தது. சினந்த பிரிட்டன் வெடியுப்பு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. தூதர்கள் விடுவிக்கப்பட்ட பின்னரே, 1862 தொடக்கத்தில், சரக்கு கடல் கடந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் புகையில் பீகார்த் தொழுவத்து மண் கலந்திருந்தது என்பது மிகையன்று.

சட்டங்கள் இப்பொருளை எப்படிப் பார்க்கின்றன என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன் 1997இல் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தபோது வாய்வழி மருந்திடுபவற்றுக்கு விலக்களித்தது. உருளை அறையின் முன்வாயில் மருந்தும் குண்டும் தனித்தனியே இடப்படுவதால் பழைய பாணி ரிவால்வரும் அவ்விலக்குக்குள் வந்தது. உரிமச் சான்று பெற்றவர்கள் அங்கே இன்றும் அதைச் சுடுகிறார்கள்.

இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நேரெதிர்த் திசையில் நிற்கிறது. அதன் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த அமைப்போ பழமை மதிப்போ உடைய ஆயுதத்துக்கு விலக்குத் தருகிறது. ஆனால் பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது சுடத் தகுதியற்றதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் நேற்றுப் பிறந்த துப்பாக்கி, சுடும் திறனோடே பழம்பொருளாகிறது. இங்கு நூற்றைம்பது ஆண்டுத் துப்பாக்கியும் உயிர்விட்ட பிறகே பழம்பொருள் எனும் விலக்கைப் பெறுகிறது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவில் வாய்வழி மருந்திடும் துப்பாக்கி இன்னொரு முறை தலைகாட்டுகிறது. அங்கே அது நினைவுச்சின்னமும் அன்று, விளையாட்டுப் பொருளும் அன்று: மெய்யான பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் கேட்டு வரும் உழவனின் கருவி.