கரண்ட் வைத்தியத்தின் கதை

போன மாசம் ஒரு ராத்திரி நண்பர் ஒருத்தர் ஃபோன் பண்ணினார். கொஞ்ச நாளாவே அவருக்கு மனச்சோர்வு, கூடவே காரணமில்லாத படபடப்பு. மாத்திரைகள் சரிப்பட்டு வரலை. டாக்டர் டி.எம்.எஸ். செஞ்சு பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். "மூளைக்கு ஷாக் கொடுப்பாங்களாம்யா, நான் போகமாட்டேன்" என்றார். "அட, அது ஷாக் இல்லை, காந்தம்" என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லி வைத்தேன்.

அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, இந்தப் பயம் எங்கேயிருந்து வந்தது? நம்ம சினிமாவில் வருமே, கட்டிலில் கட்டிப்போட்டு, நெற்றிப்பொட்டில் ரெண்டு பக்கமும் எதையோ வைத்து அழுத்துவாங்களே... அதுதானா? தேடிப் படிச்சப்போ, அதைவிடப் பழைய கதை ஒண்ணு கிடைச்சுது.

முதல் உலகப்போர். பதுங்குகுழியில் மாசக்கணக்கா கிடந்து குண்டுமழையில் நனைஞ்ச சிப்பாய்களுக்கு விசித்திரமான நோய் வந்தது. உடம்பில் காயமே இருக்காது. ஆனா பேச்சு வராது. கால் நடக்காது. கை நடுக்கம் நிக்காது. 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்ற டாக்டர் லான்செட் இதழில் இதை 'ஷெல் ஷாக்' என்ற பெயரில் எழுதினார். இன்னிக்கு நாம பி.டி.எஸ்.டி. என்று சொல்றதோட மூதாதை இது. ராணுவத்தில் பல பேர் இதுக்கு வெச்ச பெயர் வேற: கோழைத்தனம். போரை விட்டு ஓடினது, கோழைத்தனம் மாதிரி குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவங்களுக்கு மன்னிப்பு கிடைச்சது 2006-ல்தான்!

மத்தவங்களில் சில பேருக்குக் கிடைச்சது கரண்ட். இதுக்குப் பெயர் ஃபாரடைசேஷன். 1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடிச்ச மைக்கேல் ஃபாரடேயின் பெயர்தான். செயலிழந்த தசைகளைத் தூண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த மின்சாரத்தைப் பயன்படுத்தினாங்க. போர் வந்ததும் அது வேற வேலைக்குப் போச்சு.

லண்டன் குவீன் ஸ்கொயர் ஆஸ்பத்திரியில் லூயிஸ் யெல்லண்ட் என்ற டாக்டர். அவரிடம் ஒன்பது மாசமா பேச்சே வராத 24 வயசுச் சிப்பாய் ஒருத்தர் வந்தார். அதுக்கு முன்னாடியே அவர் நாக்கில் சிகரெட்டால் சுட்டெல்லாம் பார்த்திருக்காங்க! யெல்லண்ட் அவரை இருட்டு அறைக்குக் கூட்டிப் போய், கதவைப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கிட்டார். பேசினால்தான் வெளியே போகமுடியும் என்று சொல்லிட்டார். தொண்டையில் கரண்ட் வெச்சார். மணிக்கணக்கா நடந்தது. கடைசியில் அந்தப் பையன் பேசினான், நன்றி கூடச் சொன்னான். இதையெல்லாம் யாரோ துப்பறிஞ்சு கண்டுபிடிக்கலை. 1918-ல் யெல்லண்டே தன் புத்தகத்தில் வெற்றிக்கதையா எழுதி வெச்சிருக்கார்.

இங்கிலாந்து மட்டுமில்லை. ஜெர்மனியில் 1916-லிருந்து ஃப்ரிட்ஸ் காஃப்மன் என்ற டாக்டரின் முறை. பிரான்சில் தூர் நகரத்தில் க்ளோவிஸ் வென்சான். அவர் வைத்தியத்துக்குச் சிப்பாய்கள் 'டார்பிடோ' என்றே பட்டப்பெயர் வெச்சாங்க. 1916-ல் பாப்டிஸ்ட் தெஷாம் என்ற சிப்பாய், முதுகு வளைஞ்சு நிமிர முடியாதவர், எனக்கு இந்தக் கரண்ட் வேண்டாம்னு டாக்டரையே அடிச்சுட்டார். டாக்டரும் திருப்பி அடிச்சார். ராணுவ நீதிமன்றம் வரை போச்சு. ஒரு நோயாளி வைத்தியம் வேண்டாம்னு சொல்லலாமா என்று பிரான்சே விவாதம் பண்ணுச்சு. தண்டனை ஆறு மாசம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை.

போர் முடிஞ்சு 1920-ல் வியன்னாவில் ஒரு விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவர் பேராசிரியர் வாக்னர்-யௌரெக். கருத்துச் சொல்ல வந்த நிபுணர் யார் தெரியுமா? சாட்சாத் சிக்மண்ட் ஃப்ராய்ட்! வாக்னரை நல்ல மனுஷர்னு சொன்னாலும், ஃப்ராய்ட் விஷயத்தைச் சரியாப் பிடிச்சார். ஆஸ்பத்திரியில் கரண்ட் பயம் போர்ப் பயத்தை ஜெயிச்சது. சிப்பாய் போர்முனைக்குத் திரும்பினதும் போர்ப் பயம் மறுபடி ஜெயிச்சது. அவ்வளவுதான். ஓடிவர்றவங்களைத் திருப்பி விரட்ட முன்வரிசைக்குப் பின்னாடி நிறுத்தின மெஷின் கன் மாதிரி டாக்டர்கள் இருந்தாங்கன்னும் சொன்னார். வாக்னர் விடுதலையானார். 1927-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சது, வேற ஒரு வைத்தியத்துக்காக.

நம்ம சினிமா ஷாக் வேற. அது 1938-ல் ரோமில் செர்லெட்டியும் பினியும் தொடங்கின ஈ.சி.டி., வலிப்பை வரவழைக்கும் முறை. ஆரம்பத்தில் மயக்கமருந்து கிடையாது. இன்னிக்கு மயக்கமருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாம அதைச் செய்யறதை இந்தியாவில் 2017-ம் வருஷ மனநலச் சட்டம் தடை பண்ணியிருக்கு.

இப்போ நண்பரோட டி.எம்.எஸ். 1985-ல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் குழுவும் காட்டினது. தலைக்கு வெளியே ஒரு கம்பிச்சுருள். அதில் மின்சாரம் சட்டென்று பாயும்போது காந்தப்புலம் உண்டாகி, மண்டையோட்டைத் தாண்டி, மூளையில் சின்ன மின்னோட்டத்தைத் தூண்டும். அதே ஃபாரடே தத்துவம்தான்! மயக்கமருந்து வேண்டாம். 'டக் டக்'னு சத்தம், கொஞ்சம் தலைவலி வரலாம். வலிப்பு ரொம்ப அரிது. அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு 2008-லும், ஓ.சி.டி.க்கு 2018-லும், படபடப்போடு சேர்ந்த மனச்சோர்வுக்கு 2021-லும் அனுமதி கிடைச்சது. பி.டி.எஸ்.டி.க்கு ஆய்வுகள் நிறைய நடந்திருக்கு. ஆனா அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையும் ராணுவமும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட வழிகாட்டி, வேண்டும் வேண்டாம்னு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லைன்னுதான் சொல்லுது. அதுக்கு முதலில் பரிந்துரைக்கிறது பேச்சுவழி சிகிச்சையைத்தான்.

நூறு வருஷத்துல கருவி மாறியிருக்கு. அதைவிட முக்கியமா எனக்குப் படறது வேற. அன்னிக்கு வைத்தியம் யாருக்காக? ராணுவத்துக்காக. குணமானதுக்கு அடையாளம், துப்பாக்கியைத் திரும்பத் தூக்கறது. சிப்பாய்க்குத் தூக்கம் வருதா, கனவில் அலறுறானா என்பது கணக்கிலேயே இல்லை.

நண்பருக்கு மறுநாள் நானே ஃபோன் பண்ணினேன். "நேத்து அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், உம்ம பயத்துக்கு நூறு வருஷக் காரணம் இருக்குய்யா" என்று முழுக்கதையும் சொன்னேன். டாக்டரிடம் எதையெல்லாம் கேட்கணும்னு ரெண்டு பேருமா உட்கார்ந்து எழுதினோம். என் பிரச்னைக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கு? பலன் இல்லைன்னா அடுத்து என்ன? பாதியில் வேண்டாம்னா நிறுத்தலாமா?

போய்க் கேட்டிருக்கார். மூணாவது கேள்விக்கு டாக்டர் சிரிச்சுக்கிட்டே, "கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன். கதவு திறந்துதான் இருக்கும்" என்றாராம்.

அடுத்த வாரம் ஆரம்பிக்கிறார்.