அம்மாவா, தலையணையா?

ஆஸ்துமா என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூச்சிரைத்தல் என்று பொருள். நம்மிடம் இரைப்பு, இழுப்பு என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஆனால் இழுப்புச் சத்தம் கேட்பதற்கு முன்பே ஒன்று வந்துவிடும். நெஞ்சைச் சுற்றி ஈரத்துண்டைக் கட்டி யாரோ முறுக்குகிற மாதிரி ஓர் இறுக்கம். எட்டு வயதில் எனக்கு அது வரும்போதெல்லாம் வீட்டில் முதல் கேள்வி அம்மாவிடம்தான் போகும். "தலைக்கு ஊத்துனியா? தயிர் போட்டியா? ஐஸ் வாங்கிக் குடுத்தியா?" அம்மா பதில் சொல்லமாட்டார். என் முதுகைத் தடவிக்கொண்டே இருப்பார்.

அம்மாக்களைக் கூண்டில் நிறுத்தியது எங்கள் வீடு மட்டுமில்லை, மருத்துவமும்தான் என்று ரொம்பப் பிறகுதான் தெரிந்தது.

1941இல் சிகாகோவைச் சேர்ந்த உளப்பகுப்பாய்வாளர்கள் தாமஸ் ஃபிரெஞ்ச், ஃபிரான்ஸ் அலெக்ஸாண்டர் இருவரும் ஆஸ்துமாவின் உளவியல் காரணங்களைப் பற்றி எழுதினார்கள். அம்மாவை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் குழந்தை அடக்கிக்கொண்ட அழுகைதான் இழுப்பாக வெளிவருகிறது என்பது அவர்களுடைய விளக்கம். நோயாளியின் நெஞ்சு இறுகினால் அம்மாவின் அன்பில் எங்கேயோ கோளாறு என்ற எண்ணம் அந்தக் காலத்து மருத்துவத்தில் இப்படித்தான் வேரூன்றியது.

அடுத்த கட்டம் டென்வரில் நடந்தது. நியூயார்க் மருத்துவர் முர்ரே பெஷ்கின், கடுமையான ஆஸ்துமா உள்ள குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து டென்வரில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்தில் தங்கவைக்கும் முறையை முன்னெடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பேரன்டெக்டமி'. டான்சிலெக்டமி என்றால் டான்சிலை வெட்டி எடுப்பது. இது பெற்றோரையே வெட்டி எடுப்பது.

விஷயம் என்னவென்றால், பல குழந்தைகளுக்கு நிஜமாகவே குணம் தெரிந்தது. அப்புறம் என்ன, அம்மாதான் காரணம் என்று நிரூபணம் ஆகிவிட்டதே!

மென்பொருள் வேலையில் முதல் வருடமே அடிபட்டுக் கற்றுக்கொள்கிற பாடம் ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தால், எதனால் பிரச்சினை சரியானது என்று சொல்லவே முடியாது. டென்வருக்குப் போன குழந்தை அம்மாவை மட்டும் விட்டுப் போகவில்லை. தன் வீட்டையும், படுக்கையையும், தலையணையையும் விட்டுப் போனது.

அந்தத் தலையணைக்குள் என்ன இருந்தது என்பதை 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோரின் குழு காட்டியது. வீட்டுத் தூசியில் ஒவ்வாமையைக் கிளப்புவது கண்ணுக்கு எளிதில் படாத ஓர் உண்ணி. அது நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துணுக்குகளைத் தின்று வாழ்கிறது. அதன் கழிவு மூச்சில் கலக்கும்போது, ஒவ்வாமை உள்ளவர்களின் மூச்சுக்குழாயைச் சுற்றிய தசை இறுகும், உட்சுவர் வீங்கும், சளி கட்டும். காற்று உள்ளே போகவில்லை என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் பெரிய சிக்கல், போன காற்று முழுசாக வெளியே வராததுதான். பழைய காற்று தேங்கி நிற்கிற நெஞ்சில் புதிய மூச்சுக்கு இடமில்லை. அந்த இறுக்கம் அதுதான்.

இந்த உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் பிழைக்கிறது. டென்வரோ கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் வறண்ட ஊர். உண்ணி பிழைக்கத் தோதான இடமே இல்லை.

அப்படியானால் மனதுக்குப் பங்கே இல்லையா? 1969இல் கென்னத் பர்செல் குழு வெளியிட்ட ஆய்வு, டென்வர் சோதனையைத் தலைகீழாக்கியது. 25 குழந்தைகளை அவரவர் வீட்டிலேயே ஒரு பராமரிப்பாளருடன் விட்டுவிட்டு, குடும்பத்தை இரண்டு வாரம் வெளியே தங்கவைத்தார்கள். ஒரே ஒரு மாற்றம். உணர்ச்சிவசப்பட்டால் இழுப்பு வருகிறது என்று முன்பே கணிக்கப்பட்ட குழந்தைகளுக்குக் குறைந்தது. மற்றவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. அழுகை, பயம், விழுந்து விழுந்து சிரிப்பது எல்லாமே நெஞ்சை இறுக்கலாம்; குளிர்காற்று, சளிக்காய்ச்சல், ஊதுவத்திப் புகை, பூனை இறுக்குவது போலவே. இவையெல்லாம் தூண்டுதல்கள். குற்றவாளியின் பெயர்கள் இல்லை.

ஒரு காரணம் கண்ணுக்குத் தெரியாதபோது, பக்கத்தில் நிற்கும் ஆள் மேல் பழி விழுகிறது. குழந்தை விஷயத்தில் பக்கத்தில் நிற்பது அநேகமாக அம்மாதான்.

எங்கள் ஊர் கடலோரம். துவைத்த துணிகூடச் சட்டென்று காயாது. ஒவ்வொரு கோடையிலும் அம்மா என் இலவம்பஞ்சுத் தலையணையை மொட்டைமாடியில் நாள் முழுக்கக் காயப்போடுவார். வெயிலில் காய்ந்தால் அந்த உண்ணிகள் செத்துப்போகும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தயிரைப் பற்றிக் கேட்டவர்கள் யாரும் தலையணையைப் பற்றி அவரிடம் கேட்டதேயில்லை.