பம்பாய்க்கு அழைக்கப்பட்ட ஹாஃப்கின்

1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டவியில் பிளேக் நோய் தோன்றிற்று. தானியக் கிடங்குகளும் எலிகளும் மலிந்த வணிகப் பகுதி அது. மக்கள் நகரைவிட்டு வெளியேறலாயினர். கல்கத்தாவில் காலராத் தடுப்பூசிப் பணியில் ஈடுபட்டிருந்த வால்டெமார் ஹாஃப்கினை அரசு அக்டோபரில் பம்பாய்க்கு அழைத்தது. ஒடெசாவில் பிறந்த யூதரான அவர், பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வு செய்தவர்.

அழைத்த அரசு அளித்ததோ கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறை, ஒரு தாழ்வாரம், ஓர் எழுத்தர், மூன்று ஏவலர், அவ்வளவே! அங்கேதான் மூன்று மாதங்களில் தடுப்பு மருந்து உருவாயிற்று. 1897 ஜனவரி 10 அன்று அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அதுவும் பிறர்க்குப் பின்னர் வழங்கிய அளவினும் மிகுதியாக. காய்ச்சலும் வலியும் கண்டு தேறினார். அம்மாத இறுதியில் பைகுல்லா சிறையில் தாமே முன்வந்த கைதிகளுக்கு அம்மருந்து இடப்பட்டது.

1902இல் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில், ஒரே குப்பியின் மருந்தை ஏற்ற 19 பேர் ரணஜன்னியால் மாண்டனர். குப்பியைத் திறந்த இடுக்கி தரையில் விழுந்திருந்தது. பழியோ பம்பாய் ஆய்வுக்கூடத்தின்மேல் சுமத்தப்பட்டது. ஹாஃப்கின் பதவியிழந்தார். ரொனால்ட் ராஸ் முதலானோர் வாதாடிய பின்னரே, 1907இல், அப்பழி நீங்கியது. ஆயினும் பம்பாய்ப் பொறுப்பு அவருக்கு மீளவில்லை. கல்கத்தாவிலேயே பணிபுரிந்து ஓய்வு பெற்றார். அவர் தோற்றுவித்த பம்பாய் ஆய்வுக்கூடத்திற்கு 1925இல் அவர் பெயரே சூட்டப்பட்டது.